மறுக்கும் கையும் ஏற்கும் கையும்

வைத்தியசாலையில் ஒருவர், "இதை நான் செய்யமாட்டேன், என் மனச்சாட்சி இடந்தராது" என்று சொல்லும்பொழுது அந்த வேலை மறைந்துபோவதில்லை. அது அடுத்தவர் கைக்குப் போகின்றது. மனச்சாட்சியின் பேரால் மறுக்கும் உரிமையைப்பற்றிச் சட்ட அறிஞரும் சமயப் பெரியாரும் நிறையவே பேசியுள்ளனர். அந்த அடுத்த கையைப் பற்றிய பேச்சைத்தான் நான் அதிகம் கேட்டதில்லை. அரசாங்கத் தாதியாக நெடுங்காலம் கடமை பார்த்து ஓய்வுபெற்றவள் ஆதலால், அதைப் பற்றியே சில சொல்லத் துணிகின்றேன்.

நான் இப்பொழுது பிலிமத்தலாவையில் வசிக்கின்றேன். கண்டி வீதியோரத்துப் பித்தளைப் பட்டறைகளின் சுத்தியல் ஒலி காலையிலேயே தொடங்கிவிடும் ஊர். சிங்களத்திலும் தமிழிலும் கிறிஸ்தவ ஊழியருக்குப் போதிக்கும் இலங்கை இறையியற் கல்லூரியும் இங்கேதான், 1963ஆம் ஆண்டு முதல், இருக்கின்றது. பேராதனைப் பக்கம் வேலைக்குப் போய்வரும் இளந்தாதி ஒருத்தி ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஒரு வேலை பாவம் என்று எனக்குப் பட்டால், மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?"

அவள் எதைக் கேட்கின்றாள் என்பது எனக்கு விளங்கிற்று. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்தாலன்றிக் கருக்கலைப்பு எதனையும் குற்றமாக்குகின்றது. அதனைத் தளர்த்த 1995இல் பாராளுமன்றத்துக்கு வந்த முயற்சி கைவிடப்பட்டது. 2017இல் எழுந்ததும் எதிர்ப்பினால் அடங்கிற்று. ஆகவே நம் விடுதிகளில் இக்கேள்வி அடிக்கடி எழுவதில்லை. எழும்பொழுதோ ஒரு தாயின் உயிர் ஊசலாடும். மறுக்கும் தாதியின் நிலை என்ன என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

பிரித்தானியாவில் சொல் உண்டு. அங்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மனச்சாட்சி இடந்தராதவர் கருக்கலைப்புச் சிகிச்சையில் பங்குகொள்ள வேண்டியதில்லை என்கின்றது. தாயின் உயிரைக் காக்கவோ, அவளுடைய உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ பாரிய நிரந்தரத் தீங்கு நேராமல் தடுக்கவோ வேண்டிய கடமை மட்டும் விலக்கு. 'பங்குகொள்ளுதல்' என்பது எதுவரை செல்லும்? கிளாஸ்கோ நகரில், பிரசவ விடுதியின் பொறுப்பில் இருந்த கத்தோலிக்க மருத்துவமாதர் இருவர், தாம் கைதொட மறுப்பதோடு, அவ்வேலைக்குப் பிறரை ஒதுக்குவதையும் மேற்பார்ப்பதையுங்கூட மறுத்தனர். வழக்கு ஏறி இறங்கி, 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நேரே கைதொட்டுச் செய்வதை மறுக்கலாம். விடுதியை நடத்துகின்ற வேலையை மறுக்கலாகாது என்பது தீர்ப்பு. தீர்ப்பெழுதிய ஹேல் சீமாட்டி, மறுப்பவர் நோயாளியை மறுக்காத ஒருவரிடம் சேர்ப்பிக்கவேண்டும் என்றும் குறித்தார்.

இத்தாலியின் கதை வேறு. 1978ஆம் ஆண்டுச் சட்டம் மறுப்பை அனுமதித்தது. மகப்பேற்று வைத்தியருள் பத்தில் ஆறு பேருக்குமேல் மறுப்போராயினர். எஞ்சிய சிலரின் கைக்கே எல்லாம் வந்து சேருகின்றது. அவர்களுடைய மனச்சாட்சியை யார் விசாரிக்கின்றார்?

இனி நான் கண்டதைச் சொல்கின்றேன். மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் நான் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்த காலம். தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தியைக் கொண்டுவந்தார்கள். இளமையில் வந்த வாதக்காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. நான்காம் மாதக் கர்ப்பத்தின் சுமையை அவ்விதயம் தாங்கவில்லை. மூச்சுக்காகத் தவித்தாள். படுக்க இயலாமல் இரவெல்லாம் கட்டிலிற் குந்தியிருந்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். கருவை அகற்றினாலன்றி அவள் பிழையாள் என்று பெரிய வைத்தியர்கள் கூடி முடிவு செய்தனர்.

என் தோழி ஒருத்தி, கத்தோலிக்கப் பெண், முதல்நாள் மாலையே பெரிய டாக்டரிடம் சென்றாள். "சேர், நாளைக்கு அந்த மேசையருகில் என்னால் நிற்க இயலாது. அதற்கு முன்பும் பின்பும் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். அவர் சினக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. "இன்றைக்கே சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்லி, ஆளை மாற்றும்படி சிஸ்டரிடம் கூறினார். மாற்றிய ஆள் நான்.

எனக்கு மதத்தடை ஏதுமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். முந்திய ஆண்டு ஐந்தாம் மாதத்தில் என் கருவொன்று கலைந்ததும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னை எவரும் எதுவும் கேட்கவில்லை. நான் நின்றேன். கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். ஏந்தி வாங்கவேண்டியதை வாங்கினேன். அந்தப் பெண் பிழைத்தாள். அன்றிரவு முழுவதும் என் தோழி அவளருகில் இருந்து உடல் துடைத்துவிட்டாள்; சீலை மாற்றினாள்; ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த மூன்று இரவு என் கடமையையும் அவளே பார்த்தாள். எதற்காக என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறானதையும் கண்டிருக்கின்றேன். வேறோரிடத்தில், கைதேராத எவரோ கலைத்துவிட்ட கருவோடு இரத்தம் பெருக ஒரு சிறுபெண் வந்தாள். நோவுக்குரிய ஊசியைப் போட மூத்த தாதி ஒருத்தி தாமதித்தாள். "பாவத்துக்கு நான் துணைபோக மாட்டேன்" என்றாள். பயிற்சி முடித்து வந்த இளம் டாக்டர் அவளுக்கு அஞ்சிச் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நடந்து முடிந்த ஒன்றுக்கு மருந்திடுவதைத் தடுக்கும் சட்டமும் இல்லை, சமயமும் இல்லை. அது வெறுப்பு. மனச்சாட்சியின் சீலையை உடுத்து வந்தது.

வைத்தியர் மறுத்தால் அதற்குக் கொள்கை என்று பெயர்; தாதி மறுத்தால் அடங்காமை என்று பெயர். வைத்தியரின் மறுப்பு ஒரு கடிதத்தோடு முடியும். தாதியின் மறுப்போ கடமை அட்டவணையில் ஒரு வெற்றிடமாக நிற்கும். பின்னிரவு மூன்று மணிக்கு அதை இன்னொரு தாதி நிரப்பவேண்டும். ஆகவே இளந்தாதிக்கு நான் சொன்னது இது: உரிமை உண்டோ இல்லையோ, அட்டவணை எழுதுமுன் சொல். சிஸ்டரிடமும் டாக்டரிடமும் நேரிற் சொல். உன் இடத்தில் நிற்கப்போகின்றவளின் முகத்தைப் பார்த்துச் சொல்.

அந்தப் பெரிய டாக்டரைப்பற்றி இன்னும் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதுபோன்ற நிலை மீண்டும் வந்தது. என் தோழி வழமைபோல் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். இம்முறை அவர் சிஸ்டரை அழைக்கவில்லை. நான் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்த அறைக்குத் தாமே வந்து, "மிஸ்ஸி, உங்களுக்கு இயலுமா?" என்று கேட்டார்.

யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். அவர் வாங்கை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.