ஒரு குறத்தி, பல மேடைகள்: குறவஞ்சி நாட்டிய நாடகங்களை ஒப்பிட்டுக் காணும் முறை

ஒரே நாடகத்தை இருவர் ஆடும்போது அது ஒரே நாடகமாக இருப்பதில்லை. ஐரோப்பாவின் செவ்வியல் நடனமாகிய பாலேயைக் காணச் செல்வோர் இதனைத் தம் பழக்கத்தினாலேயே அறிந்துள்ளனர். ‘சுவான் லேக்’ என்னும் பாலே நாடகம் 1877ஆம் ஆண்டில் மாஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியபோது பெரிதாக வரவேற்கப்படவில்லை. 1895இல் மாரியஸ் பெட்டிபாவும் லெவ் இவானோவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அதனைப் புதிதாக அமைத்தபின்னரே அது நிலைபெற்றது. அன்னமாக மாற்றப்பட்ட வெண்ணிற இளவரசியையும் அவளைப் போல வேடமிட்டு ஏமாற்றும் கரிய நங்கையையும் பெரும்பாலும் ஒரே நடனமணி ஆடுகிறார். ஒருவர் வெண்மையில் சிறக்கிறார். மற்றொருவர் கருமையில் சிறக்கிறார். காதலர் ஏரியில் மாய்வதாகச் சில தயாரிப்புகள் முடிகின்றன. தீயோன் வீழ்ந்து காதலர் வாழ்வதாகச் சோவியத் காலத் தயாரிப்புகள் பல முடிந்தன. 1995இல் மேத்யூ போர்ன் என்னும் ஆங்கிலேயர் அன்னங்கள் அனைத்தையும் ஆடவராக்கினார். பார்வையாளர் இவற்றை ஒப்பிட்டு வாதிடுகின்றனர். அவ்வாதத்தினால் அந்நாடகம் நூறாண்டுக்கு மேலாக உயிர்ப்புடன் இருந்து வருகிறது.

தமிழில் இத்தகைய ஒப்பீட்டிற்கு மிகவும் ஏற்ற நூல் திருக்குற்றாலக் குறவஞ்சி என்பது நமது கருத்து. பரதநாட்டிய நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ‘நன்றாக ஆடினார்’, ‘ஒப்பனை அழகு’ என்பதோடு நின்றுவிடுகிறோம். பள்ளிப் பரிசளிப்பு விழாவிலும் கலை இரவிலும் நீதிபதியாக அமரும் ஆசிரியருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. எதை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாதபோது, விரைவாகச் சுழல்பவருக்கே முதற்பரிசு போய்ச் சேர்கிறது.

குறவஞ்சியின் கதை எளியது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய இந்நூலில், கட்டியக்காரன் வருகையுரைக்கத் திருக்குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். நிலவையும் மன்மதனையும் நொந்து, தோழியைத் தூது விடுகிறாள். பின்னர்க் கூடையும் மாத்திரைக்கோலும் ஏந்திய மலைக்குறத்தி சிங்கி வருகிறாள். தன் மலையின் வளம் பாடுகிறாள். வசந்தவல்லியின் கை பார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். இறுதியில் அவளைத் தேடி அலையும் கணவன் சிங்கன், பறவை பிடிக்கும் நூவனோடு வந்து அவளைக் கண்டு மகிழ்கிறான். இறைவனிடம் தலைவி கொண்ட காதல் அக்காதலாகவே நிற்க, குறவனும் குறத்தியும் கூடுவதில் நாடகம் நிறைவடைகிறது. இவ்வமைப்பை மாணவர் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. தயாரிப்புகள் வேறுபடும் இடம் பெரும்பாலும் இதுவே.

மேடை வரலாற்றுக்கு வருவோம். குறவஞ்சி முதலில் அரங்கக் கலை அன்று, கோயிற் கலை. தஞ்சைப் பெரிய கோயிலில், மன்னர் இரண்டாம் சரபோசியைத் தலைவனாகக் கொண்டு கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை, அக்கோயிலைச் சார்ந்த ஆடல் மகளிர் ஆண்டு விழாவில் ஆடிவந்தனர். விராலிமலை முருகன் கோயிலிலும் குறவஞ்சி ஆடப்பட்டது. அக்கோயிலின் சதிராட்ட மரபில் எஞ்சியிருந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. பெண்களை இழிவிலிருந்து காக்க எழுந்த அச்சட்டத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஆடல் மகளிர் மேடையிலிருந்து விலகிய அதே காலத்தில் அவர்களுடைய ஆடல் புதியவர்களின் கைக்கு மாறியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அம்மாற்றத்தின் முதன்மையான சான்று 1944ஆம் ஆண்டின் குற்றாலக் குறவஞ்சியாகும். சென்னை அடையாற்றில் 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அங்கு அமைத்த முதல் நாட்டிய நாடகம் அது. வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். குறவஞ்சி மரபை அறிந்த காரைக்கால் சாரதாம்பாள் ஆடலமைப்பில் துணை நின்றார். அவர் பரம்பரையாகவே ஆடல் மரபில் வந்தவர். கலாக்ஷேத்திராவின் குறவஞ்சியைப் ‘புதிய கலை’ என்று மட்டுமே பாராட்டுவோரும், ‘பறித்த கலை’ என்று மட்டுமே சாடுவோரும் இப்பெயரை மறந்துவிடுகின்றனர். ருக்மிணி தேவிக்கு மற்றொரு பயிற்சியும் இருந்தது. உலகப் புகழ்பெற்ற பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவோடு பழகி, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் அவர் பாலே பயின்றவர். அவருடைய மேடையில் காட்சியமைப்பும் உடையின் நிறப்பொருத்தமும் குழுவின் ஒழுங்கும் அத்துணைக் கவனம் பெற்றதற்கு அப்பயிற்சியும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு. கோயில் மண்டபத்தில் நாற்புறமும் நின்று கண்ட ஆடல், ஒருபுறம் திறந்த அரங்கில் படம்போல் அமைந்தது.

இங்கு ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பயின்றவர் ருக்மிணி தேவி. தஞ்சை பாலசரஸ்வதியும் அவரிடம் அபிநயம் கற்றவர். ஆசிரியர் ஒருவராயினும் மாணவியர் இருவரும் எதிரெதிர்த் திசையில் சென்றனர். சிருங்காரத்தில் உடல்சார்ந்தவற்றைக் குறைத்துப் பக்தியை மேலோங்கச் செய்ய வேண்டும் என்பது ருக்மிணி தேவியின் நிலைப்பாடு. சிருங்காரமே அபிநயத்தின் உச்சம், அதனைத் தூய்மைப்படுத்தப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பது பாலசரஸ்வதியின் நிலைப்பாடு. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையிலும் இக்கருத்தை அவர் வலியுறுத்தினார். வசந்தவல்லி நிலவை நோகும் காட்சியைக் காணும்போது இவ்விரு நிலைகளையும் நினைவில் கொள்ளலாம். ஆடுபவரின் பார்வை மேலே கோபுரத்தை நோக்கிச் செல்கிறதா? அன்றித் தன் தோளையும் வளையையும் தானே நோக்கி இரங்குகிறதா? இரண்டும் நூலில் உண்டு. முதலதை மட்டும் ஆடுபவர் பாதி வசந்தவல்லியையே ஆடுகிறார் என்பது நமது எண்ணம், மாறுபடுவோர் இருக்கலாம்.

பந்தடிக்கும் காட்சி வேறு வகைச் சோதனை. அப்பாடலின் சந்தமே பந்தின் துள்ளல். திறமையற்ற மேடையில் நடனமணி தாளத்திற்கு ஆடுவார், பந்து இருக்காது. கை தட்டிய பந்து எங்கே எழுந்தது, எப்போது மீண்டது என்பதைக் கண்கள் பின்தொடர்ந்தால்தான் இல்லாத பந்து நமக்குத் தெரியும். மாணவர்க்கு ஒப்பீட்டைக் கற்பிக்கத் தொடங்க இதனினும் எளிய இடமில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் ‘பந்து தெரிந்தது’, ‘பந்து தெரியவில்லை’ என்று சொல்லிவிடுவான்.

எனினும் குறவஞ்சியின் உயிர் சிங்கியிடம் உள்ளது. அவள் எவ்வாறு நுழைகிறாள் என்பதைக் கொண்டே ஒரு தயாரிப்பின் நோக்கத்தை அறிந்துகொள்ளலாம். நூலில் அவள் இரந்து வருபவள் அல்லள். குரங்குகளும் கனிகளைப் பரிமாறிக்கொள்ளும் செழிப்புடைய மலையைத் தன் மலை என்கிறாள். தன் குலத்தின் வழக்கத்தைப் பெருமையோடு உரைக்கிறாள். பல நாடுகளுக்கும் சென்று குறி சொல்லிப் பரிசு பெற்றதை எடுத்துக்கூறுகிறாள். மாளிகைப் பெண்ணின் கையைப் பற்றி அவள் நெஞ்சிலுள்ளதை உரைக்கும் அந்நேரத்தில் இருவரில் அறிந்தவள் சிங்கியே. நல்ல தயாரிப்பில் அவளுடைய நடை நிமிர்ந்திருக்கும். கால் அழுத்தமாக மண்ணில் பதியும். குறி சொல்லும்போது குரலும் கையும் நிதானப்படும். தாழ்ந்த தயாரிப்பில் இடுப்பை நெளித்து, கண்ணைச் சிமிட்டி, சிரிப்பூட்டுபவளாக அவள் வருவாள். இரண்டிற்கும் கைதட்டல் கிடைக்கும். கைதட்டலை அளவுகோலாகக் கொள்ளலாகாது.

இது சுவை பற்றிய வேறுபாடு மட்டுமன்று. தமிழ்நாட்டில் குறவர் என்போர் வாழும் சமூகத்தினர். அவர்கள் பெயரால் ஊர் விழாக்களில் நடத்தப்பட்டுவந்த ‘குறவன் குறத்தி ஆட்டம்’ ஆபாசமாகவும் இழிவாகவும் மாறியதை எதிர்த்து அவர்கள் நெடுங்காலம் போராடினர். நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2023இல் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது. நம் பள்ளிகளில் சிறுமியர்க்குக் கண்டாங்கிச் சேலையும் பாசிமணியும் அணிவித்துக் ‘குறத்தி நடனம்’ ஆடச் செய்வது நெடுநாள் வழக்கம். அதனைக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவரவில்லை. திரைப்பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு ஆடச் செய்வதற்கும், திரிகூடராசப்பரின் சிங்கியை ஆடச் செய்வதற்கும் உள்ள தொலைவை ஆசிரியர் உணர வேண்டும். முன்னதில் குறத்தி வெறும் உடை. பின்னதில் அவள் பேசுகிறாள்.

பேராக் மாநிலத்திற்கு இக்கலை இரு வழிகளில் வந்தது. ஒன்று தோட்டத்து வழி. சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் வட்டாரங்களின் இரப்பர் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கரகமும் கும்மியும் கோலாட்டமும் ஆடப்பட்டன. வள்ளி திருமணம், அரிச்சந்திரன் போன்ற நாடகங்கள் விடிய விடிய நடந்தன. காலையில் பால்மரம் சீவியவர்களே இரவில் வேடங்கட்டினர். வள்ளி திருமணத்து வள்ளியும் குறமகள்தானே! தினைப்புனத்தில் ஆலோலம் பாடும் அவளை அறிந்தவர்களுக்குச் சிங்கி அயலாள் ஆகமாட்டாள். மற்றொன்று நகரத்து வழி. 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் கோலாலம்பூரில் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் கலாக்ஷேத்திராவில் பயின்ற சிவதாஸ், வத்சலா இணையர் கற்பித்தனர். 1983இல் சூத்ரா நடனக்குழுவைத் தொடங்கிய ரம்லி இப்ராஹிம் பாலேயும் பயின்றவர். கலாக்ஷேத்திராவில் உருவான அடையாறு கே. லக்ஷ்மணிடம் பரதம் கற்றவர். அடையாற்று மரபு இவ்வாறு மலேசிய நகரங்களில் வேரூன்றியது.

இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே நமது வருத்தம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபோது, விடிய விடிய நாடகம் பார்த்த தலைமுறையும் பெயர்ந்தது. அவர்களுக்கு மேடை நுணுக்கம் தெரியாமலிருக்கலாம், சொல் தெரியும். வசனம் ஒன்று பிசகினால் கூட்டத்திலிருந்தே திருத்துவார்கள். நகரத்து அரங்கில் இன்று அடவு தெளிவாக உள்ளது. ஒளியமைப்பு சிறப்பாக உள்ளது. ஆனால் பாடல் ஒலிப்பதிவாக வருகிறது. கதை ஆங்கிலத்தில் அறிவிக்கப்படுகிறது. ஆடும் பெண்ணுக்கோ தான் ஆடும் வரியின் பொருள் முழுதும் தெரிவதில்லை. பல இன மக்கள் கூடும் அரங்கில் ஆங்கிலமோ மலாயோ வேண்டுவதுதான், அதனை மறுப்பதற்கில்லை. சிங்கப்பூரில் சாந்தா பாஸ்கர் வண்ணத்துப்பூச்சிக் காதலர் என்னும் சீனக் கதையை 1958லேயே பரதத்தில் அமைத்தார் என்பதையும் மகிழ்வோடு குறிப்பிடுகிறோம். கலை எம்மொழிக் கதையையும் ஏற்கும். ஆயினும் தமிழ் நூலைத் தமிழ்ப் பிள்ளை ஆடும்போது சொல் பின்னணி ஓசையாகிவிடலாகாது.

ஆகவே வகுப்பறையில் ஒப்பீட்டைத் தொடங்குவோர் நூலிலிருந்து தொடங்குமாறு வேண்டுகிறோம். ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் உரக்கப் படிக்கச் செய்க. பின்னர் அக்காட்சியின் இரு வேறு ஒளிப்பதிவுகளைக் காட்டுக. எச்சொல்லுக்குக் கை எழுந்தது, எச்சொல் கைவிடப்பட்டது, எச்சொல்லை ஒருவர் மூன்று முறை மூன்று விதமாக ஆடினார் என்று மாணவர் குறித்துக்கொள்ளட்டும். அபிநயம் என்றால் என்னவென்று காட்டச் சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ என்னும் பாலசரஸ்வதி பற்றிய ஆவணப்படமும் உதவும். உயர்நிலை மாணவரிடம் மற்றொன்றையும் கேட்கலாம்: நேரம் கருதிக் குறியோடு நாடகத்தை முடித்துவிடும் தயாரிப்பில் எது போயிற்று? சிங்கனும் சிங்கியும் போயினர். இறைவன்பால் காதல் கொண்ட தலைவியின் ஏக்கமே கதை என்றாகிவிட்டது. கணவன் தேடி வரும் அளவிற்குத் தனக்கென வாழ்க்கையுடைய பெண்ணாகச் சிங்கியைக் காட்டும் பகுதி அதுவே.

அவ்விறுதிப் பகுதியில் ஓர் உரையாடல் உண்டு. நெடுநாள் பிரிந்திருந்த மனைவியின் உடலெங்கும் அணிகலன் மின்னுவதைக் கண்ட சிங்கன் அவை யாவையென அறியாமல் மிரள்கிறான். காலைச் சுற்றிக் கிடப்பது விரியன் பாம்போ என்கிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு அது என்கிறாள் சிங்கி. அதன்மேல் இருப்பது என்ன, அதற்கும் மேல் என்ன என்று அவன் கேட்கக் கேட்க, ஒவ்வோர் அணிக்கும் பெயரும் ஊரும் சொல்லி விடையளிக்கிறாள். ஆடுவதற்கு அருமையான பகுதி: அவனுக்கு அச்சமும் ஐயமும், அவளுக்குக் குறும்பும் பெருமிதமும். சேலம், தஞ்சை, திருச்சி, வட ஆர்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். சிங்கியின் சிலம்பு வந்த ஊரிலிருந்து தம் வீட்டில் யாரேனும் வந்தனரா என்று பாட்டியிடம் கேட்டு வருமாறு சொல்லிவிட்டு, மறுநாள் அக்காட்சியை இருவரை எழுப்பி ஆடச் செய்யலாம்.