ரிவர்ஸ் கியரில் பீத்தோவன்

மேற்கத்திய செவ்வியல் இசையில் தமிழ்நாட்டுத் தெருக்கள் மிகுதியாகக் கேட்ட மெட்டு எது என்று ஆராயப் புகுந்தால், கச்சேரி அரங்குகளையோ இசைத்தட்டுகளையோ தேடிப் பயனில்லை. காரும் வேனும் பின்னோக்கி நகரும்போது அவற்றின் பின்புறத்திலிருந்து கீச்சுக்குரலில் எழுந்த 'ஃபர் எலிஸ்' என்னும் பியானோ இசைக்கே அந்த இடத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். 'ஜிங்கிள் பெல்ஸ்', 'லம்பாடா', 'சாரே ஜஹான் சே அச்சா' ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து விற்கப்பட்ட அந்த மெட்டு லுத்விக் வான் பீத்தோவனுடையது என்பதை, அதை வண்டியில் பொருத்திய எலக்ட்ரீஷியனோ வாங்கிய உரிமையாளரோ அறிந்திருக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

பீத்தோவன் இதை வியன்னாவில் 1810ஆம் ஆண்டு வாக்கில் எழுதினார், ஆனால் வெளியிடவில்லை. மேற்கத்திய இசையில் ஒரு படைப்பு அச்சேறும்போது வரிசைப்படி தரப்படும் எண்ணுக்கு 'ஓபஸ்' என்று பெயர். அந்த எண் கிட்டாத படைப்புகளுக்கான தனிப் பட்டியலில்தான் இது 59ஆம் எண்ணாக நிற்கிறது. 1827இல் அவர் இறந்து 40 ஆண்டுகள் சென்ற பின், லுத்விக் நோல் என்ற ஆய்வாளர் மியூனிக் நகரில் ஒரு பெண்மணியிடம் இருந்த கையெழுத்துப் படியைக் கண்டு, 1867இல் அதை அச்சிட்டார். அந்தப் படியில் எலிஸ் என்பவருக்கு நினைவாக ஏப்ரல் 27 அன்று எழுதியது என்று குறிக்கப்பட்டிருந்ததாக நோல் பதிவு செய்தார். படியோ பிற்பாடு காணாமற் போய்விட்டது. எலிஸ் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பீத்தோவன் மணக்க விரும்பிய தெரேஸ மால்ஃபாட்டியின் பெயரை நோல் தவறாகப் படித்துவிட்டார் என்பது ஒரு கட்சி. பாடகி எலிசபெத் ரோக்கலே அவர் என்பது இன்னொரு கட்சி. ஆசிரியரே பெட்டியில் போட்டு மூடிய ஒன்றுதான், அவருடைய பெயர் தெரியாதவர்களையும் எட்டியது.

இதன் தொடக்கச் சொற்றொடர் ஒன்பது ஸ்வரங்களால் ஆனது. கடைசி ஸ்வரத்தில் இடக்கை வந்து சேரும் வரை அவை வலக்கையால் மட்டுமே, ஒன்றன்பின் ஒன்றாக, துணைக்கு வேறொரு ஒலியும் இன்றி வாசிக்கப்படுகின்றன. ஒன்பதில் இருமுறை வரும் ஒரேயொரு ஸ்வரத்துக்கு மட்டும் கறுப்புக் கட்டை, மற்றவை எல்லாம் வெள்ளைக் கட்டைகள். கர்நாடக இசையின் கணக்கில் இதைச் சொல்வதென்றால், மெட்டு வந்து அமரும் ஸ்வரத்தை ஸட்ஜமாகக் கொள்ளும்போது, பஞ்சமத்துக்கும் அதற்கு அரைச் சுருதி கீழே உள்ள பிரதி மத்தியமத்துக்கும் இடையே இரண்டு முறை ஊசலாடி, மீண்டும் பஞ்சமத்தைத் தொட்டு, ரிஷபத்துக்குத் தாவி, சுத்த மத்தியமம், காந்தாரம் வழியாக ஸட்ஜத்தில் இறங்குகிறது. இரண்டு மத்தியமங்களும் ஒரே சொற்றொடரில் வருவதால் பிறக்கும் தவிப்பே இதன் கவர்ச்சி என்று கொள்ளலாம். அந்தப் பிரதி மத்தியமத்தை ஒரு சாயலாக ஒதுக்கிவிட்டால் எஞ்சியிருக்கும் அடிப்படை ஸ்வர அமைப்பு, மேற்கத்தியர் ஹார்மோனிக் மைனர் என்று அழைப்பதும் நம்மவர் 21ஆவது மேளமாகிய கீரவாணி என்று அழைப்பதும் ஆகும். திரைப்பாடல் வழியாகக் கீரவாணிக்குப் பழகிய செவிக்கு இந்த மெட்டு முற்றிலும் அந்நியமாகப் படாததில் வியப்பில்லை.

ஒற்றை இழையாக ஓடும் இந்த அமைப்புதான், பியானோவே இல்லாத இடங்களுக்கும் இந்த இசையைக் கொண்டுசென்றது. தைவான் நாட்டின் யுனைட்டெட் மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த யுஎம்66 என்ற இசைச் சில்லு, பார்வைக்கு மூன்று கால் டிரான்சிஸ்டர் போலவே இருக்கும். சுமார் 3 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், தன் நினைவகத்தில் பதிந்துள்ள அறுபது சொச்சம் ஸ்வரங்களை வரிசையாக ஒலித்துவிட்டு மறுபடி தொடங்கும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்துக்கு மேல் அதனால் ஒலிக்க இயலாது. ஆகவே பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தால்தான் பொருள்படும் இசை அதில் அடங்காது. 'ஃபர் எலிஸ்' சிரமமில்லாமல் அடங்கியது. அந்தச் சில்லின் 19ஆம் எண் வகை இதற்கென்றே வந்தது. வாழ்த்து அட்டை, காலிங் பெல், பொம்மை என்று இத்தகைய சில்லுகள் பரவிய பாதையில்தான் வண்டிகளின் ரிவர்ஸ் இசையும் வந்தது.

இதன் இணைப்பு மிக எளியது. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் பின்பக்க வெள்ளை விளக்குக்குப் போகும் மின்சாரத்தையே ஒலிப்பெட்டிக்கும் பிரித்துக் கொடுத்தால் போதும். கியரை எடுத்தவுடன் விளக்கும் அணையும், இசையும் அறுபடும். திருப்பூர் மாவட்டத்தில் நொய்யல் ஆற்றை ஒட்டிய சாமளாபுரமும் அதை அடுத்துக் கோவை மாவட்டத்தில் உள்ள சோமனூரும் போன்ற விசைத்தறி ஊர்களில் இத்தகைய ஒலிக்கு நடைமுறைத் தேவை உண்டு. பாவு நூலை இறக்கவும் நெய்த காடாத் துணியை ஏற்றவும் வரும் வண்டி, தறிக்கூடத்தின் வாசலுக்குப் பின்பக்கமாகவே வந்து நிற்க வேண்டும். ஒரே சீராக ஓடும் தறிச் சத்தத்தில் 'வரட்டும், வரட்டும்' என்ற மனிதக் குரல் அமிழ்ந்துபோகும் இடத்தில், ஏறி இறங்கும் கூரிய மெட்டு தனித்துக் கேட்கும். ஆனால் வண்டி ஒதுங்குவதற்கு ஆகும் நேரம் சில நொடிகளே. எனவே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கி, ஓரிரு வரிகளுக்குள் நின்றுவிடும் இசையையே தெரு அறிந்தது.

பிற நாடுகளிலும் இதற்கு இத்தகைய வேலைகளே வாய்த்தன. தைவானில் குப்பை வண்டி வருவதை அறிவிக்கும் இரண்டு மெட்டுகளில் இது ஒன்று. இசை கேட்டதும் மக்கள் பைகளோடு தெருவுக்கு வருவார்கள். 1965இல் வெளியான 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' என்ற கார்ட்டூன் படத்தில் ஒரு சிறுவன் இதை வாசிக்கிறான். 1968இல் வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி' என்ற திகில் படத்தில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து யாரோ இதைப் பழகும் ஓசை சுவர் தாண்டி வருகிறது. அமெரிக்க ராப் பாடகர் நாஸ் 2002இல் சிறுவர்களுக்கு அறிவுரையாக அமைத்த பாடலுக்கு இதையே அடித்தளமாக்கினார். பீத்தோவனுக்கு இழிவு நேர்ந்துவிட்டது என்று இசைப் பண்டிதர்கள் சலித்துக்கொள்வதுண்டு. அந்தச் சலிப்பில் நியாயம் பாதிதான். மலிவான சில்லு அந்த மெட்டைக் கெடுத்தது என்பதை விட, மூன்று நிமிட இசையை அதன் தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது என்பதே சரியான குற்றச்சாட்டு.

வண்டிகளில் அந்த மெட்டு இப்போது குறைந்து வருகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 119ஆவது விதி, பல ஸ்வரங்களை மாற்றி மாற்றி ஒலிக்கும் ஹாரன்களை முன்னரே தடை செய்திருந்தது. அது ரிவர்ஸ் இசையைத் தடுத்ததாகத் தெருவில் யாரும் உணரவில்லை. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்புற உணர்கருவி கட்டாயமானதோடு, தடை நெருங்க நெருங்க விரையும் 'பீப்' ஒலி காருக்குள்ளேயே கேட்கத் தொடங்கியது. அது ஓட்டுநருக்கு அதிகப் பயன் தருவது என்பதில் ஐயமில்லை.

கீபோர்டு பழகும் பிள்ளைகளின் விரல்களில் மெட்டு தொடர்கிறது. அங்கும் பெரும்பாலும் முதல் பகுதியோடு நின்றுவிடுகிறது. முதல் பகுதி மும்முறை வர, இடையில் இரண்டு வேறு பகுதிகள் வருவதாக அமைந்த இப்படைப்பின் வலிமை, உண்மையில் இரண்டாவது இடைப்பகுதியில் இருக்கிறது. அங்கே இடக்கை மந்தர ஸ்தாயியில் ஸட்ஜம் ஒன்றையே விடாமல் தட்டிக்கொண்டிருக்க, வலக்கை அதன்மேல் கனத்த ஸ்வரக் கூட்டங்களை அடுக்கி, பின்பு கீழிருந்து மேலே பாய்ந்து, அரை அரைச் சுருதியாக வழுக்கி இறங்கி, பழகிய அந்த ஊசலாட்டத்தில் வந்து சேர்கிறது. தொடக்கத்தை ஆயிரம் முறை கேட்ட வாசகர்கள், கைபேசியில் எந்தப் பியானோ கலைஞரின் பதிவையேனும் தேடி, இரண்டு நிமிடத்தை ஒட்டி வரும் அந்த இடம் வரையிலாவது ஒருமுறை நிறுத்தாமல் கேட்க வேண்டும்.