கடல் தாண்டிப் போகிறாளா உங்கள் மகள்?

"வயசுக்கு வந்த பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புறதா? நல்லா இருக்கே!" சிம்மக்கல் பக்கம் சாரணியர் முகாம் பேச்சை எடுத்தால், அம்மாமார் முதலில் இப்படித்தான் சொல்வார்கள்.

பயம் நியாயம்தான். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவில் நடந்த உலகச் சாரணர் பெருமுகாமில் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, கூடினார்கள். வெயிலும் புழுக்கமும் தாங்காமல் நூற்றுக்கணக்கானோர் சுருண்டுவிட்டார்கள். பிறகு புயல் வருகிறதென்று கூடாரங்களையே காலி செய்ய நேர்ந்தது. மதுரை வெயிலில் வளர்ந்தவளுக்கு அதென்ன பெரிசு என்று எண்ணிவிடாதீர்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் பழகின உடம்பும் மயங்கும். பையில் நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும்.

அடுத்த பெருமுகாம் போலந்தில், 2027 ஜூலைக் கடைசியில். நமக்கு அப்போது கோடை லீவு கிடையாது. தலைமை ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அவ்வளவு தூரம் மனசு வரவில்லையா? புனேயில் 1966-லிருந்து சாரணியருக்கென்றே ஓர் உலக மையம் இருக்கிறது. பெயர் என்ன தெரியுமோ? 'சங்கம்'! மதுரைக்காரிக்கு வேறென்ன வேண்டும்? வெளிநாட்டுப் பெண்கள் அங்கே வந்து தங்கி, சுற்றுவட்டாரத்தில் தொண்டு செய்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாமலே உங்கள் பெண் அவர்களோடு பழகலாம். சப்பாத்தியை மட்டும் இப்போதே பழக்கிவிடுங்கள்.