உழவர் வந்து பேச ஒரு குழு

2020 பிப்ரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில் கால்நடைப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டிய அன்றைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி, காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கப்படும் என்றார். அதே மாதம் 20-ஆம் தேதி அதற்கான சட்ட முன்வடிவு பேரவையில் அறிமுகமாகி, அன்றே நிறைவேறியது. முதல்வரின் அறிவிப்பில் இருந்த திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களின் படுகைப் பகுதிகள் சட்டத்தில் இல்லை. ஏற்கெனவே நடைபெற்று வந்த எண்ணெய், எரிவாயுப் பணிகளையும் அச்சட்டம் தடுக்கவில்லை.

அச்சட்டத்தின் நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், விடுபட்ட பகுதிகளின் உழவர்கள் வந்து முறையிடவும், அதிகாரிகள் அதற்குக் காரணம் கூறவும் ஒரே நாளில் வாய்ப்பேது? இது ஒரு கட்சியின் குறையன்று. பேரவையின் அமைப்பிலேயே உள்ள குறை என்று கருதுகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 14-ஆவது இனம் வேளாண்மை; 15-ஆவது இனம் கால்நடைப் பாதுகாப்பும் கால்நடை நோய்த் தடுப்பும். எனவே, இவ்விரு துறைகளிலும் அரசைக் கேள்வி கேட்கும் முதற்கடமை மாநில சட்டப்பேரவைகளுடையது. அக்கடமையை ஆற்ற நமது பேரவையில் உள்ள கருவிகள் எவை? பொதுக் கணக்குக் குழு உண்டு. அது செலவழிந்த பணத்தைத் தணிக்கை அறிக்கையின் வழியே ஆராய்கிறது. மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு ஆகியனவும் உண்டு. ஆனால், வேளாண்மையையும் கால்நடையையும் மட்டுமே ஆண்டு முழுவதும் கவனிக்கும் நிலையான துறைசார் குழு இல்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் அது 1980 முதலே உள்ளது. இந்தியாவில் துறைவாரியான பொருள் குழுக்களை முதன்முதலில் அமைத்தது கேரள சட்டப்பேரவைதான். அவற்றுள் முதலாவது, வேளாண்மை, கால்நடை பராமரிப்பு, மீன்வளம் ஆகியவற்றுக்கானது. அங்கு நிதிநிலை அறிக்கை மீதான பொது விவாதம் முடிந்ததும், துறைகளின் மானியக் கோரிக்கைகள் குழுக்களின் ஆய்வுக்குச் செல்கின்றன. அதன் பின்னரே அவை வாக்கெடுப்புக்கு வருகின்றன. சட்ட முன்வடிவுகளும் பொதுவாக அறிமுகமானவுடன் குழுவுக்கு அனுப்பப்படுகின்றன. எனினும், துறை அமைச்சரே அக்குழுவின் தலைவர் என்பது கேரள முறையின் பெருங்குறை. கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவரே கேள்வி கேட்பவர்களுக்குத் தலைமை ஏற்பது முரண்பாடன்றோ?

நாடாளுமன்றம் இக்குறையைத் தவிர்த்தது. 1989-இல் மூன்று துறைகளுக்குக் குழுக்கள் அமைக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்று வேளாண்மைக்குரியது. 1993-இல் அம்முறை எல்லாத் துறைகளுக்கும் விரிவடைந்தது. இன்று ஒரு நிலைக்குழுவில் மக்களவையினர் 21 பேரும், மாநிலங்களவையினர் 10 பேரும் இடம்பெறுகின்றனர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடாது. கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால், உறுப்பினர்கள் கட்சிக்காக முழங்க வேண்டிய தேவையும் குறைவு.

இதன் பயனுக்கு ஒரு சான்று கூறலாம். மரபணு மாற்றப் பயிர்களை ஆராய்ந்த வேளாண் நிலைக்குழு, விதர்பாவின் யவத்மால் மாவட்டக் கிராமங்களுக்கே சென்று பருத்தி விவசாயிகளின் அனுபவத்தைக் கேட்டது. மார்க்சிஸ்ட் கட்சியின் வாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான அக்குழு 2012 ஆகஸ்டில் அளித்த அறிக்கை, அன்றைய மத்திய அரசின் போக்குக்கு மாறானது. ஆயினும், ஆளுங்கட்சியினர் உள்பட அனைவரும் அதில் ஒருமித்து நின்றனர்.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாதே, பிறகு என்ன பயன் என்று கேட்கப்படலாம். கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால், பரிந்துரையை ஏற்றதா, மறுத்ததா, மறுத்தால் ஏன் என்பதை அரசு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தில் பதிவான காரணத்தை அடுத்த ஆண்டும் எடுத்துக்காட்டிக் கேட்கலாம். அவையில் எழும் முழக்கம் அன்றோடு மறைந்துவிடும்.

தமிழ்நாட்டில் இத்தேவை இப்போது கூடியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 14 அன்று வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை முதன்முறையாகத் தாக்கல் செய்யப்பட்டது. தனி அறிக்கை இருக்கிறது. அதைத் தனியே ஆராயும் குழு இல்லை. உழவரின் வாழ்வோ பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது. விதையும் உரமும் வேளாண் துறை. வாய்க்கால் நீர்வளத் துறை. நெல் கொள்முதல் உணவுத் துறை. மாடு கால்நடைத் துறை. அது கறக்கும் பால் பால்வளத் துறை. கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனையும்போது ஒவ்வொரு துறையும் மற்றொன்றைக் கைகாட்ட முடிகிறது. அத்தனை துறைச் செயலர்களையும் ஒரே மேசைக்கு அழைக்கும் உரிமை ஒரு குழுவுக்கு இருந்தால், கைகாட்ட இடமிராது. கோமாரி நோய்த் தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டதா, கால்நடை மருந்தகங்களில் மருத்துவர் பணியிடங்கள் நிரம்பியுள்ளனவா என்பன போன்ற கேள்விகளுக்கும் கேள்வி நேரத்தின் சில நிமிடங்கள் போதா.

இதற்கு அரசமைப்புச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. பேரவை விதிகளைத் திருத்தினால் போதும். அமைச்சரல்லாத ஒருவர், முடிந்தால் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர், குழுவுக்குத் தலைமை ஏற்கட்டும். உழவர் வாழ்வைத் தொடும் எந்தச் சட்ட முன்வடிவும் அவசரம் இருந்தாலன்றிக் குழுவைக் கடந்தே அவைக்கு வரட்டும். குழு ஆண்டுக்குச் சில முறையேனும் கோட்டையை விட்டு வெளியேறி, கொள்முதல் நிலையத்திலும் மாட்டுச் சந்தையிலும் அமர்ந்து கேட்கட்டும்.

தமக்கான சட்டம் இயற்றப்படுவதற்கு முன்பே தம் கருத்தைச் சொல்லும் வாய்ப்பு உழவருக்கு வேண்டும். நிறைவேறிய பின் சாலையில் அமர்ந்து சொல்ல நேர்வது அவர்களுக்கும் இழப்பு; அரசுக்கும் இழப்பு.