கணினியில் தட்டினாலும் கூலி கூலிதான்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய், மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றார். பையன் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கிறான்.

"அண்ணே, இவனுக்குச் சம்பளம் குடுக்க மாட்டேங்கிறாங்க. சங்கத்துல கேட்டுச் சொல்லுங்க."

பையனோ தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் சங்கத்துல இல்லையே மாமா. இது சம்பளமும் இல்ல, புரொஜெக்ட்" என்றான்.

விஷயம் இதுதான். பட்டணத்தில் விருந்துச் சமையல் எடுத்து நடத்தும் ஒருவர், தம் வியாபாரத்துக்கு ஓர் இணையத்தளமும், கைப்பேசியில் சாப்பாடு பதிவு செய்ய ஒரு செயலியும் செய்து தரச் சொல்லியிருக்கிறார். பேசிய தொகை 1,500 வெள்ளி. எல்லாம் வாய்ப்பேச்சு. முன்பணம் 300 வெள்ளி. பையன் மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்திருக்கிறான். "நான் பெரட்டுக்குக் கிளம்ப எழுந்திரிக்கிறப்பதான் இவன் தூங்கப் போவான் அண்ணே" என்றார் தாய்.

வேலை முடியும் சமயத்தில் "இன்னும் ஒரு சின்ன மாற்றம்" என்றார் அவர். பிறகு நிறத்தை மாற்று, படத்தை மாற்று, சீன மொழியிலும் போடு என்று ஒன்பது தடவை. கடைசியில் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல தட்டுறதுதானே, இதுக்கு எதுக்கு ஆயிரத்தைந்நூறு?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. "மரத்தைக் கீறுறதுதானே" என்று நம் பெற்றோரைப் பார்த்தும் கேட்டார்கள்.

தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே ஒரு சிக்கல் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் முதலாளியிடம் வேலைக்கு அமர்ந்தவரைக் காப்பது. சொந்தக் கணினியில், தன் இஷ்ட நேரத்தில், ஒரு வேலையைக் குத்தகையாகப் பேசிச் செய்து கொடுப்பவன் அதில் வருவதில்லை. ஆனால் 2023 ஜனவரி முதல் அந்தச் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு நடப்பில் இருக்கிறது. எத்தனை மணிக்கு வரவேண்டும், எப்படிச் செய்யவேண்டும் என்று அவரே கட்டளையிட்டால், கருவியும் அவரே கொடுத்தால், காகிதத்தில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் அவனைத் தொழிலாளி என்றே முதலில் கருதவேண்டும். ஆகவே உங்கள் பிள்ளையைத் தினமும் எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வரச்சொல்லி, அங்குள்ள கணினியில் உட்கார வைத்துவிட்டு "நீ ஃப்ரீலான்ஸ்தான், இ.பி.எஃப். கிடையாது" என்று சொன்னால், அப்போது நம்மிடம் அழைத்து வாருங்கள்.

இந்தப் பையன் வீட்டில் இருந்து செய்தவன். அவனுக்கு இருந்த வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் 5,000 வெள்ளி வரைக்கும் அதற்கு இடம் கொடுத்தன. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் கூடாது. சாட்சிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினான். 1,500 என்று அவரே எழுதியது தேதியோடு இருந்தது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் எங்கள் கையில் ஒன்றுமில்லை.

பாரத்தை நிரப்பி, அதன் பிரதியுடன் ஒரு கடிதம் வைத்து அவரிடம் நேரில் கொடுத்தோம். இரண்டு நாளில் ஆள் அனுப்பி 800 வெள்ளி தருகிறேன் என்றார். நான் முழுத்தொகைக்கும் நிற்கலாம் என்றேன். பையனுக்குப் பரீட்சை, போதும் மாமா என்று வாங்கிக்கொண்டான். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கணக்குப் பார்த்தோம். அறுபது ராத்திரி, மூன்று மூன்று மணி நேரம், ஆக 180 மணி. மொத்தம் கைக்கு வந்தது 1,100 வெள்ளி. எட்டு மணியை ஒரு நாளாக வைத்தால் நாளொன்றுக்கு 49 வெள்ளி கூட இல்லை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது; வாரம் ஆறு நாள் வேலைக்கு அது ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. படித்த மகனைவிடப் பழம் பொறுக்கும் தாய்க்குக் கூலி அதிகம்!

என் தாயார் மரம் சீவியவர். எழுத்துத் தெரியாது, எண் தெரியும். ஸ்டோரில் பால் நிறுத்ததும் கிராணி எழுதுவதைக் கவனித்து வந்து, கதவுக்குப் பின்னால் அடுப்புக்கரியால் எழுதிவைப்பார். சம்பள நாளில் இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் வாயைத் திறப்பார். அதைத்தான் அந்தப் பையனுக்குச் சொன்னேன். உன் கதவு எங்கேடா?

பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். எத்தனை பக்கம், என்ன தேதி, பாதிப் பணம் முன்னால், மாற்றம் இரண்டு தடவைதான், மூன்றாவதுக்குத் தனிக் காசு. இணையப் பெயருக்கும் இடவாடகைக்கும் வருடா வருடம் கட்டவேண்டும், அது யார் பொறுப்பு? செயலியை வெளியிட கூகளில் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 அமெரிக்க டாலர், ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். இதைப் பையன் தன் கைக்காசில் போட்டிருந்தான்!

இன்னொன்று கேட்டு எனக்கே திக்கென்றது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லிச் செய்த வேலையின் உரிமை, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், சொன்னவருக்கே போய்விடும். ஆகவே பணம் முழுதும் வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒரு வரி சேர்த்தோம். கடவுச்சொல்லும் அன்றைக்குத்தான்.

படிவம் ஐந்து பிள்ளைகளும் இப்போது இந்த வேலையில் இறங்குகிறார்கள். 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் சட்டத்தில் நிற்காது. தாய்மார்களே, பெரியவர் பெயரில் எழுதுங்கள்.

பையனுக்கு இப்போது பூச்செடி விற்கும் ஒருவரிடம் புது வேலை வந்திருக்கிறது. தாளை நீட்டியதும் அவர் சிரித்துவிட்டு, "என்ன தம்பி, நிலமா வாங்குறோம்?" என்றாராம். ஆனாலும் கையெழுத்துப் போட்டு, பாதிப் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறார். சாட்சி இடத்தில் அம்மாவின் கையெழுத்து. சம்பளச் சீட்டில் போடும் அதே கோணல் எழுத்து.