மலைக்குக் காவல் உண்டு, ஆற்றுக்கு?

குண்டசாலையில் நின்று வடகிழக்கே பார்த்தால் நக்கிள்ஸ் மலைகள் தெரியும். இயற்கை ஆர்வலர்கள் நேரே அங்கேதான் போவார்கள். போகவும் வேண்டும். மூக்கு நுனியில் இலைபோன்ற மடல் நீட்டிய ஓணான் உலகில் அந்த மலைகளில் மட்டுமே வாழ்கிறது. அங்குள்ள இன்னொரு குட்டி ஓணான் முட்டையிடாது, குட்டி போடும். ஹோட்டன் சமவெளி ஓணானும் அதுவும் ஒன்றென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2006இல்தான் அது தனி இனம் என்று தெரிந்தது. அதே ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அதற்குப் பெயர் சூட்டின. இரண்டு பெயரிலுமே இம்மலைகளின் சிங்களப் பெயரான தும்பறை இருந்தது! 2010இல் யுனெஸ்கோ இம்மலைத்தொடரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அடிவாரத்தில் ஓடும் மகாவலிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. நரேந்திரசிங்க மன்னர் அரண்மனை கட்டி வாழ்ந்த கரை இது. இன்று மேலே பொல்கொல்ல, கீழே விக்டோரியா என இரண்டு அணைகளுக்கு நடுவே ஆறு அகப்பட்டிருக்கிறது. 1976 முதல் பொல்கொல்லவில் மறிக்கப்படும் நீரில் ஒரு பகுதி, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கவழியே உக்குவெல மின்நிலையத்துக்குப் போய், சுது கங்கையில் விழுகிறது. அணைக்குக் கீழே வருவது மிச்சம்தான். 1985இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை, பழைய தெல்தெனிய நகரத்தையே மூழ்கடித்தது. அதோடு பாறைகளில் மோதி நுரைத்தோடிய ஆற்றுப்பகுதியும் அசையாத நீரானது.

நகரம் போனது எல்லோருக்கும் தெரியும். மீன் இழந்ததை எத்தனை பேர் கவனித்தோம்? மகாவலி வடிநிலத்துக்கே உரிய பச்சை நிறக் கெண்டை இனம் ஒன்று இங்கே உண்டு. சிங்களத்தில் கடயா என்பார்கள். வேகமான நீரில், பாறையிடுக்குகளில் வாழும். கீழ்நோக்கிய வாயால் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். ஓட்டம் நின்று சேறு படிந்தால் அதற்கு வீடுமில்லை, சாப்பாடுமில்லை. திலாப்பியாவுக்கோ அதே நீர்த்தேக்கம் சொர்க்கம். கடயா இன்று அழியும் ஆபத்திலுள்ள இனம்.

1987இல் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைச் சுற்றிய காடு சரணாலயமானது. நல்ல வேலைதான். ஆனாலும் ஓடும் நீருக்கான மீனைத் தேங்கிய நீரின் கரைக்காடு எப்படிக் காப்பாற்றும்? என் கணக்கில், அணைகளிலிருந்து எப்போதும் ஓரளவு நீரைத் திறந்துவிடுவதும், மிஞ்சியிருக்கும் பாறைப்பகுதிகளில் மணல் அள்ளாமல் விடுவதும் எந்த அறிவிப்புப் பலகையையும்விடப் பெரிய காவல்.

கரையோரத்தில் குடியிருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஆற்றோரத்து மருதமரங்களை வெட்ட வேண்டாம். மண்ணைப் பிடித்து வைப்பவை அவற்றின் வேர்கள்தான். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்து பெருத்துவிட்ட ‘டேங்க் கிளீனர்’ மீனை, பாவம் பார்த்து ஆற்றில் விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அதுவும் பாசி சுரண்டித் தின்னும் மீன்தான். கடயாவுக்கு மிஞ்சியிருக்கும் பாறையில் பங்குக்கு இன்னொரு வாய் வேண்டாம்.