கப்பல் நிற்பது ஓரிடம், ஊர் இருப்பது ஓரிடம்!

"பினாங்கு வந்துடுச்சுன்னு எல்லாரும் கத்துனாங்க. அப்பா என்னைத் தோள்ல தூக்கிக் காட்டுனாரு. ஒரு வெள்ளை மணிக்கூண்டு தெரிஞ்சுது. எறங்கிப் பாக்கணும்னு அழுதேன். யாரு எறக்கி விடுவா?"

என் அம்மா இந்தக் கதையைச் சொல்லாத தீபாவளியே இல்லை. 1951-ல் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறியபோது அவருக்கு ஆறு வயது. கப்பல் பினாங்கில் நின்றது, போர்ட் சுவெட்டன்ஹாமில் நின்றது, கடைசியாகச் சிங்கப்பூர் வந்தது. அங்கிருந்து நேரே குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம். மூன்று துறைமுகம் பார்த்தவர், ஓர் ஊரைக்கூடப் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி அம்மாவுக்கும் எனக்கும் உல்லாசக் கப்பலில் இடம் பிடித்தான். சிங்கப்பூரில் ஏறி, போர்ட் கிள்ளான், பினாங்கு பார்த்துத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். ராஜூலா வந்த அதே கடல்வழி! தோட்டக் குடும்பங்களும் இப்போது சேமிப்பைப் போட்டு இப்படிப் புறப்படுகின்றன. ஆகவே நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் படாமல் இருக்கலாம்.

சிங்கப்பூரில் பயணக் கப்பல் துறைகள் இரண்டு. ஒன்று மரினா பே, மற்றொன்று ஹார்பர்பிரண்ட். சீட்டில் எது என்று முதலில் பாருங்கள். எங்கள் கப்பல் மரினா பேயில். ஜொகூரிலிருந்து வருவோருக்கு இது சுலபம். பாலம் கடந்து கிராஞ்சி அல்லது உட்லண்ட்ஸ் நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறினால், வண்டி மாறாமலே மரினா சவுத் பியர் வரை போகலாம். அங்கிருந்து சற்று நடை. திரும்பும்போது தேக்கா போக வேண்டுமா? அதே தடத்தில் நான்காவது நிலையமான டோபி காட்டில் மாறினால், அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. ஹார்பர்பிரண்டில் இறங்குவோருக்கு வண்டி மாறும் வேலையே இல்லை.

மறுநாள் போர்ட் கிள்ளான். இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். போர்ட் கிள்ளானில் கோமுட்டர் நிலையம் இருப்பது எனக்குத் தெரியும். இறங்கியதும் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸிலுள்ள சின்னம்மா வீட்டில் மதியச் சாப்பாடு என்பது எங்கள் கணக்கு. ஆனால் உல்லாசக் கப்பல் நிற்பது பழைய துறைமுகத்தில் அல்ல, புலாவ் இண்டா தீவில்! பாலம் உண்டு, சாலை உண்டு, ரயில் கிடையாது. கோலாலம்பூரோ ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டாலும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

எங்களுக்குக் கிடைத்ததோ ஆறு மணி நேரம். அதில் இறங்குவதற்கும் வாடகைக் காருக்குக் காத்து நின்றதற்குமே ஒன்றரை மணி போய்விட்டது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. தங்கையைப் பார்த்து மூன்று வருடம்.

சின்னம்மாவுக்குப் போன் போட்டேன். "நீங்க ஏன்டி இவ்வளவு தூரம் அலையறீங்க? அக்காவைக் கிள்ளானுக்குக் கூட்டிட்டு வா. நான் ரயிலேறி வர்றேன்" என்றார். சென்ட்ரலில் கோமுட்டர் ஏறிக் கிள்ளானில் இறங்கிவிட்டார். நாங்கள் காரில் போய்ச் சேர்ந்தோம். நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் ஜாலான் தெங்கு கிளானா, கிள்ளானின் லிட்டில் இந்தியா. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அக்காளும் தங்கையும் கைகழுவ மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூர் போயிருந்தால் பாதி நேரம் சாலையில்தான் கழிந்திருக்கும்.

அடுத்த நாள் பினாங்கு. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நின்றது. வாடகைக் காருக்கு ஓடினேன். காவலாளி சிரித்தார். "எங்கம்மா போறீங்க? குயின் ஸ்திரீட் கோயிலுக்கா? நடந்தே போகலாம்!"

வாசலைத் தாண்டினோம். எதிரே அந்த மணிக்கூண்டு! விக்டோரியா மகாராணி ஆட்சியின் அறுபதாம் ஆண்டுக்காக 1897-ல் கட்டத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓரடியாக அறுபது அடி உயரம். அம்மா நிமிர்ந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். "அப்பா தோள்ல இருந்து பாத்தப்ப இன்னும் பெரிசா இருந்துச்சு" என்றார்.

பீச் ஸ்திரீட் வழியாக மெல்ல நடந்தோம். நல்ல காலுக்குக் கால்மணி நேரம்; அம்மாவின் காலுக்கு அரைமணி. 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியபோது அவர் கண் கலங்கியிருந்தது. எழுபது வருடத்துக்கு மேல் காத்திருந்த கால்கள் அல்லவா!

கப்பல் ஏறப்போகும் சகோதர சகோதரிகளே, நான்கு சங்கதிகளை மறக்காதீர்கள். சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்று கேளுங்கள். கப்பல் நிற்கும் நேரத்தில் இறங்க ஒரு மணி, திரும்ப ஒரு மணி கழித்துவிட்டு, மீதியை மட்டும் உங்கள் நேரமாகக் கணக்கிடுங்கள். கப்பல் அட்டையும் அடையாளப் பத்திரமும் எப்போதும் மடியில் இருக்கட்டும். வாடகைக் காரில் ஏறுமுன் போகவர எத்தனை வெள்ளி என்று பேசிக்கொள்ளுங்கள். தனியாகப் போனவருக்காகக் கப்பல் காத்திராது. விட்டுவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் ஓட வேண்டும்.

முதியவர்களை அழைத்துச் செல்லுங்கள். அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் பார்த்த கரையில் அவர்கள் ஒருமுறை காலூன்றி நடக்கட்டும்.